பச்சை உடம்பு

மகள் பிறந்து நாற்பது நாள் ஆகும்வரை அம்மா என்னை வாசல்படி தாண்டவிடவில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சுக்கு, மிளகு, பூண்டு, பிரசவ லேகியம் என்று இரண்டு பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு அட்லாண்டாவில் வந்து இறங்கியவள் அவள். காதில் பஞ்சு வை, பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே, குனிந்து எதையும் எடுக்காதே. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பச்சை உடம்புடி." எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் சண்டையே போட்டேன். ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காதில் பஞ்சு எதற்கு என்று கத்தினேன். அவள் அசையவில்லை.

மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது, ஊர் திரும்பும் முன் கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். சரி என்று எல்லோருமாகச் சவானாவுக்குக் கிளம்பினோம். இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத்தில் இருக்கும் டேரியன் என்ற சிற்றூருக்கு வண்டியை விடச் சொன்னேன். அங்கே என்ன இருக்கிறது என்று கணவர் கேட்டார். ஒரு புகைபோக்கி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அதற்குக் காரணம் ராஸ்வெல். நாங்கள் இருப்பது ஆல்ஃபரெட்டாவில். ராஸ்வெல் பக்கத்து ஊர். மளிகைக்கு, நூலகத்துக்கு, பல் டாக்டருக்கு என்று வாரத்தில் இரண்டு முறையாவது அங்கே போய்விடுவோம். ஆறு வருடமாக அந்தப் பெயரை வாயில் புழங்கியும் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பிரசவ விடுப்பில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்த ஓர் இரவில் போனில் தேடிப் பார்த்தேன். அது ஓர் ஆளின் பெயர். ராஸ்வெல் கிங், 1830களில் இந்தப் பக்கம் வந்து பஞ்சாலை தொடங்கி ஊரை நிறுவியவர். அதற்கு முன், 1802 முதல் 1819 வரை, ஜார்ஜியாக் கடலோரத்தில் பியர்ஸ் பட்லர் என்பவருடைய எஸ்டேட்டுகளுக்கு மேனேஜர். நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்து நெல்லும் பருத்தியும் விளைவித்த எஸ்டேட்டுகள். அவர் விலகியதும் அதே வேலைக்கு மகன் வந்தார். மகன் பெயரும் ராஸ்வெல் கிங்தான். அன்றிரவு தொடங்கிய வாசிப்பு பல இரவுகளுக்கு நீண்டது. கைக்குழந்தையோடு இருப்பவள் படிக்கக் கூடாதவற்றை எல்லாம் படித்தேன்.

டேரியனை விட்டு ஆற்றின் ஒரு கிளையைக் கடந்ததும் பட்லர் தீவு வந்துவிடுகிறது. அல்டமஹா ஆறு கடலில் சேரும் முன் பல கிளைகளாகப் பிரியும் இடம் அது. 17ஆம் எண் நெடுஞ்சாலை தீவை ஊடறுத்துப் போகிறது. சாலையோரமாகவே, 75 அடி உயரத்தில், செங்கல் புகைபோக்கி. 1850களில் ஓடிய நீராவி நெல் ஆலையின் மிச்சம். சுற்றிலும் நாணலும் தேங்கிய தண்ணீரும்தான். பார்க்க ஒன்றுமில்லையே, இதற்கா இவ்வளவு தூரம் இழுத்து வந்தோம் என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. அம்மா மட்டும் இறங்கிக் கையைப் புருவத்துக்கு மேல் வைத்து நிதானமாகப் பார்த்தாள். "இது வயலுடி" என்றாள். "அதோ போறது பாரு, வாய்க்கா. அந்த மேடு கரை. தண்ணி கட்டி வடிச்ச நெலம் இது."

அவள் சொன்னது சரி. ஒரு வித்தியாசம், இங்கே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியது கடல். ஓதம் ஏறும்போது ஆற்றின் நன்னீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு மட்டம் உயரும். உப்புநீர் கனமானது என்பதால் அடியில் நிற்கும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்தால் வயல் நிரம்பும். ஓதம் இறங்கும்போது திறந்தால் வடிந்துவிடும். நேரம் தப்பி உப்பு உள்ளே வந்தால் பயிர் போச்சு. அந்த மதகுக்கு அவர்கள் வைத்த பெயருக்கு அடிமரம் என்று அர்த்தம். ஆரம்ப காலத்தில் குடைந்த மரத்தையே கரைக்குள் புதைத்து அடைப்பு வைத்ததால் வந்த பெயர். அம்மாவிடம் சொன்னேன். "தூம்பு" என்றாள், இதில் வியக்க என்ன இருக்கிறது என்பதுபோல. விதைத்ததும் ஒரு தண்ணீர், முளை வெளியே தெரிந்ததும் ஒரு தண்ணீர், களையை மூழ்கடிக்க நீண்ட நாள் நிற்கும் ஒரு தண்ணீர், கதிர் கனத்துச் சாயாமல் தாங்கக் கடைசித் தண்ணீர். இடையிடையே வடித்துவிட்டு மண்வெட்டியோடு சேற்றில் இறங்கிக் களை கொத்த வேண்டும். கால் ஏக்கர் ஒரு கூறு. வேலையை அப்படிக் கூறு கூறாக அளந்துதான் கொடுத்தார்கள்.

அதற்கு முன்னால் இந்த நிலமே கிடையாது. சைப்ரஸ் மரங்கள் அடர்ந்த சதுப்புக்காடு. மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, சேற்றை வாரிக் கரை எடுத்து, மைல் கணக்கில் கால்வாய் வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா ஆற்றங்கரையிலும் சியரா லியோன் கடலோரத்திலும் வெள்ளைக்காரன் கால் வைக்கும் முன்பே நெல் விளைந்துகொண்டிருந்தது. அந்தக் கண்டத்துக்கென்றே தனி நெல்லினம் இருக்கிறது. கரோலினா, ஜார்ஜியா நெல் முதலாளிகள் அந்தக் கரையிலிருந்து வந்த ஆட்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். மே மாதம் பிறந்ததும் காய்ச்சலுக்குப் பயந்து முதலாளிகள் ஊரைக் காலி செய்துவிடுவார்கள். குளிர் வரும்வரை கொசுவோடும் சேற்றோடும் கிடந்தவர்கள் இவர்கள்தான்.

புகைபோக்கிக்குப் பக்கத்தில் அரசு வைத்த பழைய பலகை ஒன்று இருக்கிறது. இங்கே உள்ள கரைகளையும் கால்வாய்களையும் அமைத்தவர்கள் ஹாலந்து நாட்டுப் பொறியாளர்கள் என்கிறது அது. அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

"வெட்டினவங்க?" என்றாள்.

முதல் பியர்ஸ் பட்லரை மேஜர் பட்லர் என்பார்கள். 1744-இல் அயர்லாந்தில் ஒரு பிரபுக் குடும்பத்தின் மூன்றாவது மகனாகப் பிறந்தவர். மூன்றாவது மகனுக்குச் சொத்து கிடையாது, பட்டாளம்தான். பிரிட்டிஷ் அதிகாரியாக அமெரிக்கா வந்தவர், 1771-இல் தென் கரோலினாவின் பெரும் பணக்கார வீட்டுப் பெண்ணான மேரி மிடில்டனை மணந்தார். பதவியை விற்றுவிட்டு நிலம் வாங்கினார். புரட்சி வந்தபோது கட்சி மாறி அமெரிக்கர் ஆனார். 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசியல் சட்டம் எழுதக் கூடிய சபையில் அவரும் ஒரு பிரதிநிதி. ஓர் அடிமை தப்பி வேறு மாநிலத்துக்கு ஓடினாலும் அவனை உரியவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை அந்தச் சபையில் முன்வைத்தவர் அவர். அமெரிக்க அரசியல் சட்டத்தில் அது ஏறியது.

இதில் ஒரு வேடிக்கை. ஃபிலடெல்ஃபியாவிலும் அவருக்கு வீடு உண்டு. அங்கே அவருக்குப் பணிவிடை செய்த பென் என்ற அடிமை, ஆறு மாதத்துக்கு மேல் இந்த மாநிலத்தில் வைத்திருந்த அடிமை விடுதலையானவன் என்ற பென்சில்வேனியாச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஐசக் ஹாப்பர் அவருக்குத் துணை நின்றார். பட்லர் ஹாப்பர் மீது வழக்குப் போட்டு, 1806-இல் தோற்றார். ஊருக்கெல்லாம் விதி எழுதியவரின் சொந்த வீட்டு ஆள் சட்டப்படியே கைநழுவிப் போனார். இதைப் படித்த இரவில் குழந்தையை எழுப்பிவிடாமல் சிரிக்கப் பாடுபட்டேன்.

1815-இல் இன்னும் பெரிய இழப்பு. அமெரிக்காவோடு போரில் இருந்த பிரிட்டிஷ் கப்பற்படை கடலோரத் தீவுகளில் இறங்கியபோது, செயின்ட் சைமன்ஸ் தீவில் இருந்த பட்லரின் பருத்தி எஸ்டேட்டிலிருந்து 138 பேர் அவர்களோடு போய்விட்டார்கள். நல்லபடி நடத்தினோமே, ஏன் போனார்கள் என்று ராஸ்வெல் கிங்குக்குப் பெரிய ஆத்திரம். இந்த ஆத்திரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பட்லர் எஸ்டேட் அந்த வட்டாரத்தில் கட்டுக்கோப்புக்குப் பேர் போனது. 1828-இல் மகன் கிங், தன் நிர்வாக முறையை விளக்கி ஒரு வேளாண் பத்திரிகையில் எழுதவே செய்தார். ஆட்களை எப்படி வைத்துக்கொள்வது என்று மற்ற முதலாளிகளுக்குப் பாடம்.

மேஜர் 1822-இல் இறந்தார். மகனோடு மனத்தாங்கல், அதனால் சொத்து மகள் வயிற்றுப் பேரன்களுக்கு, அதுவும் தகப்பன் வழிப் பெயரை விட்டுவிட்டு பட்லர் என்று பெயரை மாற்றிக்கொண்டால்தான். ஒரு பேரன் ஜான். இன்னொருவன் தாத்தாவின் பெயரையே கொண்ட பியர்ஸ். ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்த உல்லாசப் பேர்வழி.

அந்தப் பியர்ஸ் 1834-இல் மணந்துகொண்ட பெண்தான் ஃபேனி கெம்பிள். லண்டனில் நாடகக் குடும்பத்தில் பிறந்தவள். 1829-இல் இருபது வயதுகூட நிரம்பாமல் ஜூலியட்டாக மேடையேறி ஒரே இரவில் புகழ் பெற்றவள். அமெரிக்காவுக்கு நாடகம் போட வந்த இடத்தில் காதல். கணவனின் பணம் எங்கிருந்து வருகிறது என்பது கல்யாணத்துக்கு முன் தனக்குத் தெரியாது என்று பின்னாளில் சொன்னாள். 1838 டிசம்பர் கடைசியில், மூன்று வயதில் ஒன்று, சில மாதக் கைக்குழந்தை ஒன்று என்று இரண்டு பெண் குழந்தைகளோடு பட்லர் தீவுக்கு வந்து இறங்கினாள். ஏப்ரல் வரை நான்கு மாதம். இங்கே கொஞ்ச காலம், செயின்ட் சைமன்ஸில் கொஞ்ச காலம். பார்த்ததை எல்லாம் ஒரு தோழிக்கு எழுதும் கடிதங்களாக எழுதி வைத்தாள். பட்லர் எஸ்டேட் மக்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவள் எழுதியதிலிருந்துதான். அவளும் கறுப்பர்களைக் கீழாகப் பார்க்கும் சொற்களைத் தாராளமாகப் போட்டு எழுதியவள், மறைப்பதற்கில்லை. ஆனால் அவள் காது கொடுத்தாள். பெயர் கேட்டாள். எழுதிக்கொண்டாள்.

அவள் முதலில் போய்ப் பார்த்த இடங்களில் ஒன்று ஆஸ்பத்திரி என்று சொல்லப்பட்ட கட்டடம். மண் தரை, கட்டில் கிடையாது. நோயாளிப் பெண்களும் பிரசவித்த பெண்களும் கிழிந்த கம்பளிக்குள் தரையில் கிடந்தார்கள். பிறகு ஒரு மாலை கர்ப்பிணிப் பெண்கள் கூட்டமாக அவளைத் தேடி வந்தார்கள். பேசியவள் பெயர் மேரி. பிரசவித்து மூன்று வாரம் ஆனதும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வயலில் இறங்க வேண்டும் என்பது எஸ்டேட் விதி. வேலையை நிறுத்தச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை, அது நடக்காது என்று அவர்களுக்குத் தெரியும். மூன்று வாரத்தை ஒரு மாதமாக ஆக்க முடியுமா, எஜமானிடம் சொல்ல முடியுமா என்றுதான் கேட்டார்கள்.

ஒரு வாரம். அதைத்தான் கேட்டார்கள்.

இந்த இடத்தில் நான் போனை வைத்துவிட்டேன். அம்மா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பு மேடையில் மறுநாளுக்கான கஷாயச் சாமான் தட்டால் மூடியிருந்தது.

இன்னொரு நாள் வந்த பெண்களைப் பற்றி ஃபேனி ஒரு பட்டியலே போட்டாள். ஃபேனி (அவள் பேரே கொண்டவள்): ஆறு பிள்ளை, ஒன்றைத் தவிர எல்லாம் போய்விட்டது, வேலையைக் குறைக்கச் சொல்லி வந்தாள். நானி: மூன்று பிள்ளை, இரண்டு போனது. சீசரின் மனைவி லியா: ஆறு பிள்ளை, மூன்று போனது. லூயிஸின் மனைவி சோஃபி: பத்துப் பிள்ளை, ஐந்து போனது, பழைய துணி ஏதாவது கிடைக்குமா என்று கேட்க வந்தாள். ஸ்டீஃபனின் மனைவி சேரா: நான்கு கருச்சிதைவு, ஏழு பிள்ளை, அதில் ஐந்து போனது, இப்போது மறுபடி கர்ப்பம். புஷ்ஷின் மனைவி சுக்கி: நான்கு கருச்சிதைவு, பதினொரு பிள்ளை, ஐந்து போனது. இன்னும் நீள்கிறது. மகன் கிங் பத்திரிகையில் எழுதிய பாடத்துக்கும் இந்தப் பட்டியலுக்கும் இடையே பதினொரு வருடம்கூட ஆகவில்லை.

கிங் வீட்டைப் பற்றியும் அவள் எழுதினாள். தலைமை ஆளாக இருந்த ஃபிராங்கின் மனைவி பெட்டியைக் கிங் தனக்கென்று எடுத்துக்கொண்டதும், அவள் அவருக்கு ஒரு மகனைப் பெற்றதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஃபிராங்க் எஸ்டேட்டிலேயே பெரிய பொறுப்பில் இருந்தவர், நெல் வயலின் தண்ணீர் முழுக்க அவர் கணக்கில் ஓடியது. அவரால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. ஜூடி, சோஃபி, சில்லா என்ற மூன்று பெண்களுக்கு நடந்தது இன்னொன்று. ஜூடிக்கும் சில்லாவுக்கும் பிறந்தது கிங்கின் பிள்ளைகள். பிரசவமாகி ஒரு மாதம்கூட ஆகாத மூன்று பேரையும் கிங்கின் மனைவி ஆஸ்பத்திரிக்கே வந்து, தன் கண் முன்னால் சாட்டையால் அடிக்கச் செய்தாள். பிறகு ஐந்து பவுண்டு என்று பெயர் கொண்ட, தண்டனைக்கென்றே வைத்திருந்த சதுப்பு நிலத்துக்கு அனுப்பி, ஒரு வாரம் தினமும் அடிக்க உத்தரவு போட்டாள்.

இதை அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. இப்போது எழுதும்போதுதான் முதல் முறையாகத் தமிழில் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கொஞ்சம் நல்லபடி முடிந்தது. சைக்கி என்ற இளம்பெண் ஃபேனியிடம் வந்து, நானும் என் இரண்டு பிள்ளைகளும் யாருக்குச் சொந்தம் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். சொந்தக்காரன் யார் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. விசாரித்ததில், அவளும் பிள்ளைகளும் அப்போது மேற்பார்வையாளராக இருந்தவருடைய உடைமை என்று தெரிந்தது. அவள் கணவன் ஜோ பட்லருடைய உடைமை. அந்த ஜோவைப் பட்லர், அலபாமாவுக்குப் போகத் தயாராக இருந்த மகன் கிங்குக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டிருந்தார். பரிசாக! ஜோ தொப்பியைத் தரையில் எறிந்து அழுது புரண்டார், சாவேனே தவிரப் போகமாட்டேன் என்றார். ஃபேனி கணவனிடம் மன்றாடினாள். கடைசியில் ஜோவும் போகவில்லை, பட்லர் சைக்கியையும் பிள்ளைகளையும் விலைக்கு வாங்கிக்கொண்டார். குடும்பம் ஒன்றாயிற்று என்று நிம்மதிப்படலாம். ஒரே ஆளின் கையில் எல்லோரும் சேர்ந்ததுதான் அந்த நிம்மதி.

சில வாரத்தில் பியர்ஸ், இனி இவர்கள் சார்பாக எந்த மனுவும் என்னிடம் கொண்டுவராதே என்று மனைவியைத் தடுத்துவிட்டார். கல்யாணம் அங்கேயே உடையத் தொடங்கியது. 1849-இல் விவாகரத்து, பெண் பிள்ளைகள் அப்பாவிடம். கடிதங்களை ஃபேனி 1863 வரை அச்சுக்குக் கொடுக்கவில்லை. உள்நாட்டுப் போர் நடுவே, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் பக்கம் இங்கிலாந்து சாய்ந்துவிடுமோ என்ற கவலையில்தான் வெளியிட்டாள். முன்பே கொடுத்திருக்கலாமே என்று தோன்றத்தான் செய்கிறது. பிள்ளைகள் அவன் கையில் இருந்தார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை.

இனி 1859.

பியர்ஸ் சூதாட்டத்திலும் பங்குச் சந்தையிலும் தாத்தா சொத்தைக் கரைத்தார். 1857-இன் நிதி நெருக்கடி மிச்சத்தையும் அடித்துக்கொண்டு போனது. கடனை அடைக்க ஃபிலடெல்ஃபியா மாளிகையை விற்றும் போதவில்லை. எஸ்டேட்டில் இருந்த 900க்கு மேற்பட்ட மனிதர்களை அண்ணன் குடும்பத்துக்கும் அவருக்குமாக இரண்டு பங்கு பிரித்தார்கள். தன் பங்கில் 436 பேரை ஏலப் பட்டியலில் ஏற்றினார். மார்ச் 2, 3 தேதிகளில், சவானாவுக்கு வெளியே டென் ப்ரோக் குதிரைப் பந்தயத் திடலில் ஏலம். நாள்கணக்காக முன்பே ரயிலிலும் படகிலும் கொண்டுவந்து, குதிரைக் கொட்டடிகளில் அடைத்தார்கள். வாங்க வந்தவர்கள் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு நாளும் அடைமழை.

இதெல்லாம் நமக்குத் தெரியக் காரணம், நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையின் மார்டிமர் தாம்சன் கையில் பட்டியலும் பென்சிலுமாக, வாங்க வந்தவர் போல நடித்துக் கூட்டத்தில் நின்றதுதான். அங்கே எலிஷா என்பவர் நல்ல முகமாகத் தெரிந்த ஒருவரிடம் தன்னைத் தானே விற்கப் பார்த்தார்: நான் நல்ல நெல் வேலைக்காரன், என் மனைவி மோலியும் அப்படித்தான், மோலி, கையை மடக்கிக் காட்டு, பிள்ளைகளும் தேறி வருகிறார்கள். அந்த மனிதர் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். கய் என்ற இளைஞருக்கு 1,280 டாலர். அதே வயது, அதே உடற்கட்டு, வலது கண் மட்டும் இல்லாத ஆண்ட்ரூவுக்கு 1,040 டாலர். அப்படியானால் இந்தச் சந்தையில் ஒரு வலது கண்ணின் விலை 240 டாலர் என்று தாம்சன் கணக்குப் போட்டார். நரைத்த தம்பதி ஆன்சனும் வயலட்டும் தலைக்கு 250 டாலர். அதுதான் ஆகக் குறைந்த விலை.

குடும்பங்களைப் பிரிக்க மாட்டோம் என்பது ஏலத்தின் நிபந்தனை. பட்லர் கருணையுள்ளவர் என்று அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். குடும்பம் என்றால் புருஷன், பெண்டாட்டி, சின்னப் பிள்ளைகள். பாட்டி குடும்பம் இல்லை. வளர்ந்த மகன் குடும்பம் இல்லை. அக்காவும் தம்பியும் வேறு வேறு மாநிலத்துக்குப் போகலாம். கல்யாணம் ஆகாத காதல் கணக்கிலேயே இல்லை. ஜெஃப்ரி, வயது 23, பட்டியலில் எண் 319, முதல் நாள் 1,310 டாலருக்குப் போனார். டார்காஸ், எண் 278, மறுநாளுக்கு வைக்கப்பட்டிருந்தாள். தன்னை வாங்கிய புது எஜமானிடம் ஜெஃப்ரி கெஞ்சினார்: டார்காஸை வாங்குங்கள், நாங்கள் கல்யாணம் செய்யவிருந்தவர்கள், அவள் நல்ல வேலைக்காரி. எஜமான் யோசித்தார், பார்க்கலாம் என்றார். மறுநாள் பார்த்தால் டார்காஸைத் தனியாக விற்கவில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் ஒருத்தி. நான்கு பேரை வாங்க அவருக்கு மனமில்லை. குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்ற அதே கருணைதான் அந்த இருவரையும் பிரித்தது.

இரண்டு நாளில் 429 பேரை விற்றார்கள். மொத்தம் 3,03,850 டாலர். முடிந்ததும் ஷாம்பெயின் திறந்தார்கள். பியர்ஸ் பட்லர் கூட்டத்துக்குள் நடந்து, விற்கப்பட்ட தன் ஆட்கள் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு டாலர் வைத்தார். நாணயச் சாலையிலிருந்து புதிதாக வந்த நான்கு கால் டாலர் காசுகள். பளபளவென்று.

அதை அழுகைக் காலம் என்றே அந்த மக்கள் பேர் சொல்லி வைத்தார்கள். நான்கு வருடம் கழித்து, 1863 ஜூனில், வடக்குத் தரப்பின் கறுப்பினச் சிப்பாய்களின் படைக்குத் தலைவராக வந்த ராபர்ட் ஷா செயின்ட் சைமன்ஸில் பட்லர் எஸ்டேட்டுக்குப் போனார். மிஞ்சியிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய கிழவர்களும் கிழவிகளும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஏலத்தில் போனவர்கள். அது அழுத நாள் என்றார்கள். கூடவே, பட்லர் நல்ல எஜமான் என்றும் சொன்னார்கள் என்று ஷா வீட்டுக்கு எழுதினார். இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. கேட்டவர் சீருடை போட்ட வெள்ளைக்காரர் என்பது ஒன்று. பியர்ஸ் எங்கோ உயிரோடு இருக்கிறார், நாளைக்குத் திரும்பி வரலாம் என்பது இன்னொன்று. அவர் வரவும் செய்தார். போர் முடிந்து 1866-இல் இளைய மகள் ஃபிரான்சிஸோடு தீவுக்கு வந்து, விடுதலை பெற்றவர்களுக்குப் பாதி விளைச்சல் என்று பேசி மறுபடி நெல் போட்டார். விற்கப்பட்டவர்களிலேயே சிலர் எங்கெங்கிருந்தோ வழி கண்டுபிடித்து இந்தத் தீவுக்குத் திரும்பி வந்திருந்தார்கள். ஃபிரான்சிஸ் அதைத் தன் அப்பா மீதுள்ள விசுவாசம் என்று எழுதினாள். ஊர் அவர்களுடையது, அவர்கள் அப்பன் பாட்டன் வெட்டிய கால்வாய், புதைத்த எலும்பு இங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. 1867-இல் பியர்ஸ் காய்ச்சலில் செத்தார். நெல்லும் சில பத்தாண்டுகளில் முடிந்தது.

திரும்பும் வழியில் பின்சீட்டில் அம்மாவும் குழந்தையும். தூரம் போகவேண்டும், தூக்கம் வராமலிருக்க அவளுக்கு ஏலத்துக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். டாஃப்னி வரைக்கும் வந்தேன்.

அவள் கணவன் பிரைமஸ், எஸ்டேட் தச்சர். மூத்தவள் டைடோவுக்கு மூன்று வயது. கைக்குழந்தை பிப்ரவரி 14 பிறந்தது. மேடையில் டாஃப்னி ஏறியபோது தலையோடு தானும் குழந்தையுமாகச் சால்வையால் போர்த்தியிருந்தாள். வாங்க வந்தவர்கள் சத்தம் போட்டார்கள்: எதற்கு மூடி வைத்திருக்கிறாய், தலையில் ஏதாவது நோயா, சால்வையை எடு. ஏலக்காரர், எந்த ஏமாற்றும் இல்லை, பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள்தான் ஆகிறது, அதனால்தான் இந்தச் சலுகை என்று விளக்க வேண்டியிருந்தது. தலைக்கு 625 டாலர் வீதம் குடும்பத்தோடு போனார்கள். தச்சருக்கும் 625, பதினைந்து நாள் சிசுவுக்கும் 625. தாம்சன் எழுதியதில் அந்தக் குழந்தைக்குப் பெயர் இல்லை. மூன்றில் ஒரு பங்கு ரொக்கம், மிச்சம் இரண்டு வருடத் தவணை. கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது அதற்கு இரண்டு வயது ஆகியிருக்கும்.

அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மேக்கன் நெருங்கும்போது கேட்டாள்.

"மழைன்னு சொன்னியே. காதுல பஞ்சு வச்சிருப்பாளா?"